லூர்து தொடாத நாய்

தை மாதத்துப் பகல், பதினொரு மணி இருக்கும். கொட்டச்சேடு ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறி வந்த பனிமூட்டம் எங்கள் காப்பி எஸ்டேட் வீட்டு வாசலை மூடிவிட்டது. பத்தடி தள்ளிக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிப் பழம் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் புளித்த வாசனை மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது.

என் மனைவி லூர்து சமையலறை வாசலில் நின்று, நீளமான ஒரு கொய்யாக் குச்சியால் பால் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சிமெண்டுத் தரையில் தட்டு கரகரவென்று நகர்ந்தது. அந்தப் பக்கம், வீட்டுக்கு வந்து நான்கு நாளே ஆன நாய்க்குட்டி உட்கார்ந்திருந்தது. வெள்ளை உடம்பு, இடது கண்ணைச் சுற்றி மட்டும் பழுப்பு. அது பாலைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தது. வாலை ஆட்டியபடி ஓர் அடி முன்னால் வந்தது. லூர்து இரண்டடி பின்னால் போனாள்.

"கிட்ட வராத சாமி," என்றாள். "நாந் தொட்டா நீ தங்க மாட்டே."

நான் கூடத்தில் உட்கார்ந்து ஆள் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். பேனா நின்றுவிட்டது. அவள் குரலில் பயமும் இல்லை, அழுகையும் இல்லை. சேலம் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் நாய்க்குப் பயந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்டேட்டில் யார் வீட்டு நாய்க்கு முள் குத்தினாலும் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவள் ஒரு குட்டியைக் குச்சியால் எட்ட நிறுத்தினாள் என்றால், அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்னால் அந்த வீட்டில் மூன்று நாய்கள் செத்திருந்தன.

ஒரே முகம்

இந்தத் தொடரில் நான் என்னை ரைட்டர் என்று சொல்லிக்கொள்வதைப் பார்த்து, என்னென்ன நாவல் எழுதியிருக்கிறீர்கள் என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஐயா, எஸ்டேட் ரைட்டர் எழுதுவது யார் வேலைக்கு வந்தார், யார் எத்தனை கிலோ பழம் பறித்தார் என்பதை மட்டும்தான். முப்பது வருடம் அதைத்தான் எழுதினேன். இப்போது ஓய்வுபெற்ற பிறகுதான் இந்த வேண்டாத வேலை.

எங்கள் வீடு எஸ்டேட்டின் கடைசி வீடு. அதற்குக் கீழே பல்பர் கொட்டகை, அதாவது பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் இருக்கும் இடம். அதற்கப்புறம் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும்தான். ஓய்வுக்குப் பிறகும் முதலாளி அந்த வீட்டை எங்களுக்கே விட்டுவிட்டார்.

முதலாளி குடும்பம் சென்னையில். அவர்கள் வீட்டில் சின்ன டெரியர் நாய் ஒன்று இருந்தது. அது போடும் குட்டிகளில் ஒன்று அவ்வப்போது எங்களுக்கு வந்துவிடும். தாய் போனபின் அதன் மகள், மகளுக்குப் பின் பேத்தி. ஒரே வம்சம் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே முகம், ஒரே இடது கண் பழுப்பு. ஒன்று செத்து அடுத்தது வரும்போது, தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகள் அதே நாய்தான் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஒளிந்து நின்று பார்ப்பார்கள். நான் சிரிப்பேன். மூன்றாவதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

இந்த ஜாதி நாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போது சேலத்தில்கூடப் பலர் வாங்கி வளர்க்கிறார்கள், பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்கு மாதத்தில் பால் பல் விழத் தொடங்கும். தரை கூட்டும்போது நொய்யரிசி மாதிரி கிடைக்கும். ஒரு வயதில் வளர்த்தி முடிந்துவிடும். முழங்கால் உயரம்கூட வராது, ஆறு கிலோ வந்தால் அதிகம். ஆனால் எலியையும் நரியையும் வளைக்குள் புகுந்து பிடிக்கவென்றே உண்டாக்கிய ஜாதி. தோண்டும், கடிக்கும், எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். சும்மா இருக்கச் சொன்னால் சுவரைச் சுரண்டும்.

வாரம் ஒருமுறை பிரஷ் போட்டால் போதும், மாதம் ஒரு குளியல். மழை விட்டதும் காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தரையில் நடக்கும்போது நகம் டக் டக்கென்று கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். முதலாளியம்மா தன் கைப்பட ஒரு தாள் எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார். வெங்காயம் கூடாது, திராட்சை கூடாது, சாக்லேட் கூடவே கூடாது. அந்தத் தாளைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சோற்றுப் பசை போட்டு ஒட்டி, வேதவாக்காகக் கடைப்பிடித்தோம்.

கண்ணும் கருத்துமாக வளர்த்தால் பதினான்கு, பதினைந்து வருடம் இருக்கும். சென்னையில் அதன் சொந்தங்கள் அப்படித்தான் இருந்தன. எங்கள் வீட்டில் முதல் மூன்றில் ஒன்றுகூட ஐந்து வயதைத் தாண்டவில்லை.

டிக்கி, பட்டன், மணி

முதலில் வந்தது டிக்கி. சாகும்போது மூன்று வயது. பழம் பறிக்கும் காலம், மார்கழி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தது எழுந்து நின்றது. கூடத்தின் மூலையில், கிறிஸ்துமஸ் மாட்டுத்தொழுவக் குடில் வைப்பதற்காக நாங்கள் ஒதுக்கியிருந்த இடத்தில் போய், உத்தரத்தைப் பார்த்து உறுமியது. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு அறையைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. கூப்பிட்டால் தெரியவில்லை. உடம்பு முழுவதும் நடுங்கியது. விலாவில் கை வைத்தால் இதயம் அடிப்பது எண்ண முடியாத வேகத்தில் இருந்தது.

குளிர் கண்டுவிட்டது என்று நினைத்தோம். எஸ்டேட்டில் நடுக்கம் என்றால் முதல் வைத்தியம் கடுங்காப்பிதான். மழையில் நனைந்தவனுக்கும் அதுதான், தேள் கடித்தவனுக்கும் அதுதான், பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான். அதிலும் என் கடுங்காப்பி பிரசித்தம். களத்திலிருந்து நல்ல கொட்டையாகப் பொறுக்கி, இரும்புச் சட்டியில் நானே வறுத்து, இடித்து, முதல் டிகாஷனில் கருப்பட்டி போட்டு இறக்குவேன். கிளியூரிலிருந்து வரும் மேஸ்திரிகூட அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பார். லூர்து டிக்கியை மடியில் பிடித்துக்கொள்ள, நான் ஆற்றி, பாலாடைச் சங்கால் ஊட்டினேன். கண்ணை அகல விரித்து எழுந்து நின்றது. பார்த்தாயா என்றேன் அவளிடம். அரை மணியில் மறுபடி நடுக்கம். மறுபடி ஊட்டினேன். மாலை தேநீர் மணி அடிப்பதற்குள் போய்விட்டது.

பட்டன் வந்தது. அது முதல் மார்கழியையே தாண்டவில்லை. அதே மூலை, அதே உறுமல், அதே நடுக்கம். அப்போதும் அவள் மடியில்தான்.

மணி நான்கு வயதுவரை இருந்தது. அதனால் நாங்கள் கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தோம். ஒரு நாள் காலை, பல்பர் ஓடிக்கொண்டிருந்தது. மணி உள்ளே வந்து அதே மூலையில் நின்றது. இந்த முறை நான் அதன் கண்ணையே கவனித்தேன். உத்தரத்தில் எதையோ பார்த்தது. அந்த எது மெல்ல நகர்வதுபோல் அதன் பார்வையும் நகர்ந்தது. சுவர் வழியாக இறங்கி, ஜன்னலைத் தாண்டி, எங்கள் இருவர் பக்கம் வந்து நின்றது. முடி சிலிர்த்துக்கொண்டு பின்வாங்கியது. நான் டம்ளரோடு முன்னால் நின்றேன். லூர்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"என்னயத்தான் பாக்குது," என்றாள்.

நான் டிகாஷனை ஆற்றினேன். அன்றைக்கு அந்த நாய் யாரைப் பார்த்தது என்பதை அதற்குப் பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்.

நகச் சத்தம்

நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவேன். அதனால் அடுத்து வருவதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மணியைப் புதைத்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம். பனிமூட்டம் ஜன்னல் கம்பிவரை வந்துவிட்டிருந்தது. லூர்து சமையலறையில், நான் கூடத்தில். சிமெண்டுத் தரையில் டக் டக்கென்று நகம் நடந்தது. வாசலில் தொடங்கி, என் நாற்காலிக்குப் பின்னால் போய், மூலையில் நின்றது.

நான் திரும்பவில்லை. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் ஓசை நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவருகே வந்து, கேட்டதா என்று என்னிடம் கேட்டாள். கூரையில் சில்வர் ஓக் விதை விழுகிற சத்தம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அது விதை விழும் காலமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அதற்கப்புறமும் நான்கைந்து முறை கேட்டது. எப்போதும் பகலில், பனிமூட்டம் வீட்டை மூடியிருக்கும்போது. இதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை. இருக்கிறது என்று பொய் சொல்ல விருப்பமும் இல்லை.

கை

லைன் வீட்டிலிருந்து களம் கூட்ட வரும் பச்சையம்மாள் நல்ல மனசுக்காரி. கெட்ட எண்ணத்தில் அவள் அதைச் சொல்லவில்லை, இன்றைக்கும் அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. லூர்து தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தாங்காமல்தான் சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. செல பேரு கைக்கு வளப்பு தங்காதுங்க. எங்கூர்ல அப்பிடிப்பட்டவிங்க பொறந்த கன்னுக்குட்டிய ஒரு வருசத்துக்குத் தொட மாட்டாங்க. பாத்துக்குவாங்க, தொட மாட்டாங்க."

அவர்கள் மலைக் கிராமங்களில் உள்ள வழக்கம் அது. விதைப்புக்கு ஒரு கை, கன்றுக்கு ஒரு கை என்று பார்ப்பார்கள். கை ஆகாதவர்களை யாரும் திட்டுவதில்லை, ஒதுக்குவதும் இல்லை. அவர்களே விலகி நின்றுகொள்வார்கள். அன்று மாலை இதைக் கேட்டு நான் பச்சையம்மாளைக் கிண்டல் செய்தேன். லூர்து கிண்டலில் சேரவில்லை.

அவள் எண்ணிக்கையில் நாய்கள் மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருடம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. அதற்குப் பிறகு வேறு குழந்தை இல்லை. அந்த ஒன்பது நாளும் அவன் அவள் கையை விட்டு இறங்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. பேசியிருக்க வேண்டும்.

நான்காவது குட்டியை அவள் வேண்டாம் என்றாள். நான்தான் வீம்புக்கு வாங்கினேன். வீடு வெறிச்சென்று இருந்தது, அந்தச் சத்தம் வேறு. உயிருள்ள நாய் ஒன்று நடந்தால் மற்றது நின்றுவிடும் என்று ஒரு கணக்கு. அது நின்றுவிட்டது என்பதும் உண்மை.

அந்த வாரம்தான் கொய்யாக் குச்சி வந்தது.

நாலாவது

அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நான் கடுகு என்று கூப்பிட்டேன், அவளுக்கு அது "அது"தான். ஆனால் பார்த்துக்கொள்வதில் குறை வைக்கவில்லை. ராகிக் களியை ஆட்டெலும்புச் சாற்றில் கரைத்து, சூடு ஆறிவிட்டதா என்று பார்த்து, தட்டைக் குச்சியால் தள்ளுவாள். எட்டி நின்றுகொண்டே, காதில் உண்ணி ஏறியிருக்கிறது, நகம் வளர்ந்துவிட்டது, இடது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது என்று எனக்குச் சொல்வாள். நான் வேலையாள் மாதிரி செய்வேன். ஒருமுறை அது அவள் சேலை நுனியைக் கவ்விக்கொண்டது. அவள் கையை மேலே தூக்கிக்கொண்டு, நான் வந்து விடுவிக்கும்வரை அப்படியே நின்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மூலையில் ஒன்றும் கிடையாது, வெறும் தரை. ஆனால் வந்த நாளிலிருந்து கடுகு அந்த இடத்தில் கால் வைக்காது. சுவரோரமாக வந்து, அங்கே யாரோ படுத்திருப்பதுபோல் சுற்றிக்கொண்டு போகும். பந்து உருண்டு அங்கே போனால் நின்று பார்க்கும், எடுக்காது.

முதல் மார்கழியில் விளையாட்டுப் புத்தி போகாததால் உள்ளேயே கட்டிப்போட்டு வைத்திருந்தோம். தப்பித்தது. இரண்டாவது மார்கழி வந்தது. லூர்து நாள் எண்ண ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் முதலில் அது மூச்சு விடுகிறதா என்று தூரத்திலிருந்து பார்ப்பாள்.

பழம் நல்ல விளைச்சல். பல்பர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணி வாக்கில் கடுகு வெளியிலிருந்து வந்தது. மூலைக்குப் போகவில்லை. மூலைக்கு எதிரே நின்று உறுமியது. பிறகு நடுங்கியது.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

பிளாஸ்க்

முதல் டம்ளரை ஊட்டி முடித்தபோது லூர்து வாசலில் நின்று பேசினாள்.

"ஏனுங்க, இந்தத் தடவ காத்திருக்க வேண்டாங்க. எங்கியாச்சும் கொண்டு போயிருலாங்க. நானு தொடவேயில்லீங்களே, அப்பிடியும் வந்துருச்சே."

மூட்டை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் பிக்கப் வண்டி சேலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே கடுகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புத்திசாலி ஆயிற்றே, மிச்ச டிகாஷனைப் பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துக்கொண்டேன். குப்பனூர் இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் அது என் கையில் துடித்தது. வழியில் ஒரு மூடி ஊட்டினேன். இரண்டாவது மூடியைத் துப்பிவிட்டது. துப்பியதற்காக அதைத் திட்டினேன்.

முன்னிருக்கைக் கண்ணாடி வழியாக லூர்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தாள்.

சேலத்தில் நாய் பூனை பார்க்கும் டாக்டரம்மா ஒருவர். சின்ன வயது. மேசையில் படுக்கவைத்து நெஞ்சில் குழாய் வைத்தார். என்ன சாப்பிட்டது, எங்கே போனது என்று கேட்டார். வீட்டில் தப்பாக எதுவும் கொடுப்பதில்லை என்று அந்தத் தாளில் இருந்ததையெல்லாம் பெருமையாக ஒப்பித்தேன். அவர் என் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார். அதில் என்ன என்று கேட்டார்.

கடுங்காப்பி என்றேன். நடுக்கத்துக்குக் கொடுப்பது என்றேன். நல்ல கொட்டை என்றுகூடச் சொன்னேன்.

அவர் நாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எவ்வளவு குடுத்தீங்க சார்?"

சொன்னேன்.

"காப்பி நாய்க்கு விஷம் சார். பழம், தோலு, கொட்டை எல்லாமே. உங்க எஸ்டேட்ல பழத்தத் தின்னுட்டு வந்திருக்கு, அதுலதான் நடுக்கம். அதுக்கு மேல நீங்க டிகாஷன் குடுத்திருக்கீங்க."

இனிப்பாக இருக்கும் என்று பழத்தையும் பல்பர் கழிவையும் நாய்கள் தின்னுமாம். இதயம் தறிகெட்டு ஓடும், இல்லாததைப் பார்த்துக் குலைக்கும், வலிப்பு வரும். சின்ன உடம்பு என்றால் சீக்கிரம். கொஞ்சம் தின்றிருந்தால் தானாகவே தெளிந்துவிடவும் கூடும் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். முதலாளியம்மாவின் தாளில் காப்பி இல்லை. சென்னையில் காப்பி என்றால் டம்ளரில் இருப்பது, அதை யார் நாய்க்கு ஊற்றப்போகிறார்கள். ஊற்றத் தெரிந்தவர்கள் நாங்கள்தான்.

டாக்டரம்மா கரித்தூள் மருந்தைக் கலக்கிக்கொண்டே, தலையை யாராவது பிடியுங்கள் என்றார். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். என் கைக்கு முன்னால் இன்னொரு கை வந்தது. லூர்து கடுகின் முகவாயை ஏந்திக்கொண்டாள். இரண்டு வருடத்தில் முதல்முறை.

குப்பனூர் ரோட்டில்

மத்தியானம் மூன்று மணிக்கு நெஞ்சடிப்பு இறங்கியது. நான்கு மணிக்கு எழுந்து நின்று தண்ணீர் குடித்தது. பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா அனுப்பிவைத்தார்.

திரும்பும்போது பிக்கப் காலியாக இருந்தது. லூர்து பின்னால் என்னோடு உட்கார்ந்தாள். கடுகு அவள் மடியில் தூங்கியது. குப்பனூர் தாண்டியதும் மலை எங்களைப் பனிக்குள் வாங்கிக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த அவள் முகம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"அப்ப நம்ம பையன் போனதுக்கும் என் கை காரணமில்லீங்களே?"

முப்பது வருடம் அந்தக் கேள்வியோடு அவள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். இல்லை என்றேன். சத்தியமாக இல்லை என்றேன். டாக்டர் அன்றைக்கே சொன்னாரே, பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை என்று. உனக்கு நான் சொல்லவில்லையா என்றேன். அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். நான் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி மனம் நோகும் என்று யாரோ தடுத்தார்கள், நானும் சௌகரியமாக விட்டுவிட்டேன்.

அவள் அழுதாள். சத்தம் இல்லாமல், நீண்ட நேரம். நான் அவள் தோளைத் தொடவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நகக் கண்ணில் காப்பிக் கறை இருந்தது. டிக்கி, பட்டன், மணி மூன்றுக்கும் ஊட்டிய கை.

கொட்டச்சேடு வரும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இனிமே இத நீங்க தொடாதீங்க."

சரி என்றேன்.

போன வாரம்

அது நடந்து பத்து வருடம் ஆகிவிட்டது. கடுகுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பறிப்புக் காலம் முழுவதும் கயிற்றோடுதான் வெளியே போகும். எங்கள் வீட்டில் வேறு எந்த நாயும் இந்த வயதைப் பார்க்கவில்லை. காது கேட்பதில்லை. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. கடைவாய்ப் பல் இல்லை, களியை இன்னும் தளர்த்திக் கொடுக்க வேண்டும். கண் தெரியாமலேயே அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. எப்படி என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். பழக்கமாக இருக்கும் என்றார். இருக்கலாம்.

பத்து வருடமும் நான் அதைத் தொடவில்லை. அவள் நினைவூட்டியதே இல்லை, தேவைப்படவில்லை. அது என் காலோரம் வந்து படுத்தால் காலை நகர்த்த மாட்டேன், கையையும் இறக்க மாட்டேன். பார்க்க வந்தவர்கள் எனக்கு நாய் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

போன வாரம் லூர்துவுக்குக் கண் அறுவை. சேலத்தில் தங்கை வீட்டில் மூன்று நாள் இருந்தாள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. கடுகு என்னிடம். சோற்றைக் கலந்து வைத்தேன், அது வந்து தின்றது, பறிப்புக் காலம் இல்லை என்பதால் கதவைத் திறந்துவிட்டேன், போய் வந்தது. இரண்டு நாள் சிக்கல் இல்லாமல் ஓடியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான்கு மணி. பின்கட்டில் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் இப்போது நான் கொடுப்பதில்லை. இறக்கிவைத்துவிட்டு வாசலுக்கு வந்தால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. பனி படியில் ஏறிவிட்டிருந்தது. கடுகு திரும்பி வரவில்லை. கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை, காது கேட்காது. களத்துக்கு அந்தப் பக்கம் எதுவோ பெரியதாக மூச்சு விட்டது. காட்டெருமையாக இருக்கும்.

தேடிக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது படிக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால் இரண்டும் விலகி அகன்றிருந்தன. முன்னங்காலைப் படியில் வைக்கப் பார்த்து, சறுக்கி, மறுபடி வைக்கப் பார்த்தது. எவ்வளவு நேரமாக முயன்றதோ. குலைக்கவில்லை. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, இந்த முறை வெறும் குளிரில்தான். களத்துப் பக்கம் அந்த மூச்சு இன்னொரு முறை கேட்டது, முன்னைவிடக் கிட்டத்தில்.

தூக்கினால் ஒரு நிமிட வேலை. என் கை அதன் முதுகுக்கு மேலே, நான்கு விரற்கடை உயரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் இறங்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்தேன்.

லூர்துவிடம் விஷயத்தைச் சொன்னேன். தூக்கட்டுமா என்று கேட்டேன். எழுபதை நெருங்கும் மனுஷன், பெண்டாட்டியிடம் நாயைத் தூக்க அனுமதி கேட்டுக்கொண்டு பனியில் நின்றேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வறுத்துக்கிட்டு இருந்தீங்களா?"

ஆமாம் என்றேன்.

"கையக் கழுவிட்டுத் தூக்குங்க."

உள்ளே ஓடிப்போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். நகக் கண்ணைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். மறுபடி ஒரு முறை கழுவினேன். ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து, படியில் உட்கார்ந்து, கையை அதன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

கடுகு முகர்ந்தது. விரல் விரலாக, உள்ளங்கை, மணிக்கட்டு என்று நெடுநேரம் முகர்ந்துகொண்டே இருந்தது. பிறகு அது மூக்கை எடுத்துக்கொண்டு, தூக்கு என்பதுபோல அசையாமல் நின்றது.